மூக்குக்குக் கீழே வராத மாப்பிள்ளை

கம்பத்தில் மூணு மாடியில் நிற்கிற திருமணத் தகவல் மையம் நான் கட்டியது. அதுக்கு முன்னாலே அதே இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்தவன் நான். அதுக்கும் முன்னாலே, பிரேக் பிடிக்காத ஒரு சைக்கிளும் ரெக்ஸின் பைக்குள் நாற்பது ஜாதகமுமாக, கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் மிதித்துக்கொண்டு திரிந்தவனும் நான்தான். படிப்பு அஞ்சாம் வகுப்பு. அதிலும் அரைப் பரீட்சை வரைக்கும். எங்கய்யா எனக்கு விட்டுப்போனது ஒரு மண்வெட்டி. அதன் பிடியும் உளுத்துப் போயிருந்தது. இந்த மலையடிவாரத்தில் ஜாதகத்தை முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். செல்போனில் பார்க்கிற மாதிரி ஒரு இன்டர்நெட் பக்கம் போட்டதும் நான். "கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுடா, போன்ல பொண்ணு பாக்கச் சொல்றான்" என்று டீக்கடையில் சிரித்தாக. அப்படிச் சிரித்தவர்களில் மூணு பேர் வீட்டுக் கல்யாணத்தை அந்தப் பக்கத்தை வைத்தே முடித்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் எதை வைத்துக் கட்டினேன் என்றால், சந்தேகத்தை வைத்து. தரகனுக்கு முதல் சரக்கு அதுதான். மாப்பிள்ளை இன்ன ஊரில் இன்ன வேலை என்று சொன்னால் நான் அவன் வீட்டுக்குப் போகமாட்டேன். அந்தத் தெருவில் இருக்கிற சலூனுக்குப் போவேன். கத்திரி காதோரம் வருகிறபோது மெதுவாகப் பேச்சை எடுத்தால் முழுக் கதையும் வந்துவிடும். ஒரே மாசத்தில் மூணு தரம் முடி வெட்டிக்கொண்டது உண்டு. மூணாவது தரம் வெட்ட ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது தெரிந்தது. ஒரு பொண்ணு தப்பித்தாள்.

அப்படிப்பட்ட என்னையே ஒருத்தன் சந்தேகப்பட்டான். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். கடைசியில் ஒரு கோரிக்கையும் உண்டு.

ரெண்டாயிரத்து எட்டு வாக்கில் என்று வையுங்கள். பக்கம் போட்டுத் தந்தவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒரு டிப்ளமோக்காரர். முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். என்னை ஐயா என்பார், நான் தம்பி என்பேன். வேலையில் கெட்டி. ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிற ஆள். அப்படித் தலையாட்டுகிறவனை நான் என்றைக்கும் முழுசாக நம்பினதில்லை.

அவருக்கு ரெண்டு உத்தரவு போட்டேன். ஒன்று, பக்கத்தைத் திறந்ததும் ஜாதகம் முதலில் வரவேண்டும், அதுக்கப்புறம்தான் போட்டோ. பொருத்தம் பார்க்காமல் முகத்தைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டால் அப்புறம் ஜோசியரையே மிரட்டுவாக, பார்த்திருக்கிறேன். ரெண்டாவது, ஜாதகத்தின் நாலு மூலையிலும் தடவின மஞ்சள் அப்படியே தெரியவேண்டும்.

"ஐயா, கலர்ல பெரிசா ஸ்கேன் பண்ணா படம் ரொம்பக் கனத்துப் போகும். செல்லுல எறங்காது. கருப்பு வெள்ளையில போட்டுருவோமே."

"மஞ்சள் இல்லாத ஜாதகமா? அதுக்குக் கருமாதிப் பத்திரிகையே அச்சடிச்சு அனுப்பலாமே தம்பி!"

தலையாட்டினார். நான் சொன்னபடியே போட்டார். சென்டரில் உட்கார்ந்து பார்த்தால் பக்கம் ஜம்மென்று வந்தது. அப்போதுதான் தடவின மாதிரி மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

அந்த வருஷம் ஆனி மாசம் காமயகவுண்டன்பட்டியில் ஒரு பொண்ணு. திராட்சைத் தோட்டக் குடும்பம், பொண்ணு பி.எஸ்ஸி. மாப்பிள்ளை பண்ணைப்புரம் பக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஆனால் எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சரி என்று சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டாரை வாசல் ஏற்ற மாட்டாக. மாமனோ கம்பம்மெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணி. காய் எடுப்பு தொடங்குகிற நேரம், இறங்கி வர முடியாது. ஆடி பிறக்கப் பத்து நாள். பிறந்துவிட்டால் ஒரு மாசம் யாரும் நல்ல பேச்சுப் பேசமாட்டாக. அதுக்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிடுவாக.

"கவலைப்படாத ஆத்தா," என்றேன் பொண்ணைப் பெற்றவளிடம். "ஒந்தம்பி மலையில இருந்தபடியே பாக்கட்டும். அதுக்குத்தானே பக்கம் போட்டிருக்கேன்."

மூணாம் நாள் மலையிலிருந்து போன் வந்தது.

"தரகரண்ணே, ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லணும். பையனுக்கு வாய் இருக்கா?"

"என்ன கங்காணி இது? வாய் இல்லாமச் சோத்த எதால திங்கிறான்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். மூணு நாளாப் பாறை மேல ஏறி நின்னு பாக்குறேன். ஜாதகம் வாரதுக்கே ரெண்டு பீடி ஆயிருது. அப்புறம் நெத்தி வருது, கண்ணு வருது, மூக்கு வருது. மூக்கோட நின்னு போகுது. கீழ என்னத்த மறைச்சு வச்சிருக்கீக?"

"டவர் எட்டலய்யா உனக்கு."

"மூணு நாளும் அதே எடத்துலயா எட்டாமப் போகும்? பனிமூட்டம்னாலும் நிக்கிறது மூக்குல, வெயில்னாலும் நிக்கிறது மூக்குலயா? எனக்கென்னமோ உதடு பொளந்த பையன்னு படுது."

நான் ஆளையும் பார்த்திருக்கிறேன், அவன் தெருச் சலூன்காரரையும் பார்த்திருக்கிறேன். வாய் சுத்தமான வாய். பொண்ணு வீட்டில் சொன்னதும் போட்டோவை ஜீப்பில் கொடுத்துவிட்டாக. அது இன்னும் வினையாகப் போச்சு. "கையில குடுத்த போட்டோவுல வாய் இருக்கு, போன்ல ஏன் இல்ல? ஸ்டுடியோவுல ஒட்ட வச்சது இது" என்று மாமன் திருப்பி அனுப்பிவிட்டான். ஒரு தரம் சந்தேகம் விழுந்துவிட்டால் அத்தாட்சி காட்டக் காட்ட அது வளரும். என் தொழில் அதுதான், எனக்குத் தெரியாதா?

பொண்ணுடைய போனில் நானே திறந்து பார்த்தேன். தோட்டத்துப் பந்தலுக்குக் கீழே டவர் ஒரு கோடுதான். திரைச்சீலை இறங்குகிற மாதிரி மேலேயிருந்து இறங்கிக்கொண்டே வந்து, அங்கனயும் மூக்கில் நின்றது.

பொண்ணு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மூக்கு வரைக்கும் எனக்குச் சம்மதந்தான் பெரியப்பா. மிச்சம் வரட்டும், சொல்றேன்."

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. ரெண்டே நாளில் பேச்சு கோம்பை வரைக்கும் போய்விட்டது. தரகன் ஊனத்தை மறைக்கிறான் என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், மூணு மாடியும் வெறும் செங்கல்தான். முப்பது வருஷம் சைக்கிள் மிதித்துச் சம்பாதித்த என் வாக்கு அந்த மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டு நின்றது.

இதில் இன்னொன்று. முந்தின வாரம்தான் கம்ப்யூட்டர்க்காரரை உத்தமபாளையத்தில் ஒரு டீக்கடையில் பார்த்திருந்தேன். கூட உட்கார்ந்திருந்தது யார்? எனக்குப் போட்டியாக மையம் வைத்திருந்தவன். 'ஜாதகம் தேவையில்லை, மனப்பொருத்தம் போதும்' என்று சுவரெல்லாம் எழுதி வைக்கிற ஆள். ரெண்டும் ரெண்டும் நாலு என்று கூட்ட அஞ்சாம் வகுப்பு போதும்.

நேராகச் சென்டருக்குப் போனேன். மாணவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தாக. இருக்கட்டும், அவர்களும் கேட்கட்டும் என்றுதான் கேட்டேன்.

"எத்தனைக்கு வித்த தம்பி?"

"எதய்யா?"

"எம் மாப்பிள்ளையோட வாயை."

அவர் முகம் சிவந்துபோனது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவர், என்னமோ நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "இங்கன வாங்கய்யா" என்று ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். இன்டர்நெட் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் எத்தனை கே.பி. என்று எதிரில் எழுதியிருந்தது. கே.பி. என்றால் கிலோ பைட்டாம். மாப்பிள்ளை போட்டோ அறுபது. பக்கத்தின் தலைப்பில் சுடர் ஆடுகிற குத்துவிளக்குப் படம் நாற்பது. ஜாதகம் முந்நூத்திப் பத்து.

தராசில் வைக்க முடியாத கிலோவை நான் எப்படி நம்புவேன்? "நீயா எழுதி வச்ச கணக்குதானே இது?" என்றேன்.

"சரி, உங்க போன்லயே பாருங்க. ஜாதகத்த மட்டும் எடுத்துடுறேன்."

எடுத்தார். பூட்டின ஷட்டருக்குப் பக்கத்தில், சிக்னல் குறைச்சலான மூலையில் போய் நின்று என் போனில் திறந்தேன். நான் மனசுக்குள் இருபது எண்ணுவதற்குள் மாப்பிள்ளை வந்து நின்றான். வாய், மீசை, சட்டைக் காலர், ஷூ, பின்னாலே அவன் மோட்டார் சைக்கிள் வரைக்கும்.

"பாத்தீகளா? மஞ்சள் கறை ஒவ்வொண்ணும் ஒரு நெறமா விழுந்து படம் கனத்துப் போச்சு. அது எறங்கி முடிச்சு போட்டோ பாதி வாரதுக்குள்ள லைன் அந்துருது. அதான் மூக்கு. தெனமும் அதே மூக்கு."

"அப்ப என்ன செய்யணும்ங்கிற?"

"ஜாதகத்தத் தூக்கிருவோம்."

"வந்துட்டான்யா விஷயத்துக்கு! இதத்தானே அந்த உத்தமபாளையத்தான் சொல்லிவிட்டான்?"

"ஐயா, அவருக்கு நான் பில் புக்கு அடிச்சுக் குடுத்தேன். டீ வாங்கிக் குடுத்தாரு. குடிச்சேன். அவ்வளவுதான்."

நம்பவில்லை. இன்றைக்கும் அந்த டீயை நான் முழுசாக நம்பவில்லை. ஆனால் கனத்துக்குக் காரணம் என் மஞ்சளும் என் வரிசையும்தான் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். கனத்தை ஏற்றினவனும் நான், இறக்கினவனும் நான். இறக்கின கதை இனிமேல்தான்.

முதலில் அவர் ஒரு வழி பார்த்தார். படத்துக்குப் பதிலாக ஜாதகத்தைத் தமிழ் எழுத்தாகவே அடித்துப் போட்டார். எழுத்துக்குக் கனம் கிடையாதாம். சாயங்காலமே மலையிலிருந்து போன் வந்தது.

"தரகரண்ணே, ஜாதகத்துல பன்னெண்டு கட்டந்தானே இருக்கும்? இங்க நூறு கட்டம் வந்திருக்கு. ஒண்ணுக்குள்ளயும் ஒரு கெரகமும் இல்ல."

அந்தக் காலத்துப் போனில் தமிழ் எழுத்து தெரியாது. எழுத்துக்கு ஒரு சதுரமாகக் காட்டும். இங்கிலீஷில் போடலாம் என்றார் கம்ப்யூட்டர்க்காரர். கங்காணிக்கு இங்கிலீஷ் தெரியாது, மலையாளம் பேச மட்டும் தெரியும். ஆடிக்கு நாலு நாள்தான் இருந்தது.

சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு டிஜிட்டல் கடிகாரம், சிவப்பு எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் பழைய பூத் ஞாபகம் வந்தது. தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழில் என் எஸ்.டி.டி. பூத்தில் இதே மாதிரி சிவப்பு எண் ஓடும். திண்டுக்கல், பழனித் தரகர்களுக்கு நான் போனிலேயே ஜாதகம் சொல்லுவேன். 'ரிஷபத்தில் சுக்கிரன், மிதுனத்தில் சூரியனும் புதனும்' என்று நீட்டினால் மீட்டர் எகிறிப்போகும். அதனால் நானாக ஒரு சுருக்கம் வைத்திருந்தேன். மேஷம் ஒண்ணு, ரிஷபம் ரெண்டு என்று மீனம் பன்னெண்டு வரைக்கும் வீட்டுக்கு எண். முதலில் லக்கினம் இருக்கிற வீடு. அப்புறம் கிழமை வரிசையில் ஞாயிறு முதல் சனி வரைக்கும் ஏழு கிரகம். கடைசியில் பாம்பு ரெண்டும், ராகு, கேது. கிரகத்தின் பேரைச் சொல்லவே வேண்டாம், வரிசைதான் பேர். பத்தே எண். ஒரே மூச்சில் சொல்லி முடித்து 'நல்லாருக்கீகளா' என்று கேட்கவும் நேரம் இருக்கும். அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிறவர் கட்டம் போட்டு நிரப்பிக்கொள்வார்.

"தம்பி," என்றேன், "எண்ணு தெரியுமா உன் போன்ல?"

"எண்ணு எல்லாப் போன்லயும் தெரியும்."

"அப்ப எழுதிக்க. நாலு. மூணு, எட்டு, அஞ்சு, மூணு, அஞ்சு, ரெண்டு, அஞ்சு. அஞ்சு, பதினொண்ணு. முடிஞ்சது மாப்பிள்ளை ஜாதகம்."

அவர் கை கீபோர்டு மேலே அப்படியே நின்றது. முதல் தடவையாக கம்ப்யூட்டரை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, அத இன்னொரு தடவ சொல்லுங்க."

இந்த ஒரு வார்த்தையை வாசிக்கிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ளவேண்டும். அத இன்னொரு தடவ சொல்லுங்க என்று கேட்டது அவர். சொன்னது நான்.

சொன்னேன். அடித்தார். அப்புறம் அவர் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. ராகுவுக்கு நேர் எதிர் வீட்டில்தான் எப்பவும் கேது நிற்கும் என்று நான் சொல்லித்தான் அவருக்கே தெரியும். உடனே, "அப்ப கேதுவை அனுப்பவே வேண்டாமேய்யா, ராகுவை வச்சுக் கண்டுபிடிச்சுக்கலாம். ஒம்பது போதும்" என்றார்.

"கேதுவத் தூக்கிட்டு ஜாதகமா? இன்னிக்குக் கேது, நாளைக்குச் சனி, நாளன்னிக்கு லக்கினம். அப்படியே உத்தமபாளையம் போயிரலாம்னு பாக்குறியா? பத்தும் இருக்கணும். கடைசி ரெண்டும் எதிரெதிரா இல்லேன்னா எங்கயோ பிழைன்னு கண்டுபிடிக்க அதுதான் ஒரே வழி."

தலையாட்டினார். போட்டோவில் ஷூவையும் மோட்டார் சைக்கிளையும் வெட்டி, முகத்தை மட்டும் ஸ்டாம்பு அளவுக்குச் சுருக்கினார். மீசை நசுங்காமல் பார்க்க நான் பின்னாலேயே நின்றேன். ஆடுகிற விளக்கை அணைத்தாச்சு. கடைசியில் மஞ்சள். படம் இல்லாமல் மஞ்சள் மட்டும் போடமுடியுமா என்று கேட்டதும் நான்தான். தாளுக்கு நிறம் அடிக்கிற மாதிரி பக்கத்துக்கே நிறம் சொல்லிவிடலாம், நாலெழுத்துச் செலவு என்றார். போட்டார். பக்கம் பூராவும் மஞ்சள். மொத்தக் கனம் ஒம்பது கே.பி. நானூத்திப் பத்திலிருந்து ஒம்பது! அந்தக் கிலோவை அப்போது நம்பினேன்.

மறுநாள் காலையில் ஜீப்பில், தோட்ட வேலைக்குப் போகிற பொம்பளைகளோடு நெருக்கி உட்கார்ந்து மலைக்குப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மாமன் என்னைக் காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னாலே ஒரு பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதன் மேலே ஏறி மேற்கே முதுகைக் காட்டி நின்றால்தான் தமிழ்நாட்டு டவர் எட்டும். அறுபது வயசில் நானும் ஏறினேன்.

அவன் போனில் திறந்தான். பீடியைப் பற்றவைக்கக் குச்சியைக் கிழிப்பதற்குள் மஞ்சள் வந்தது, எண் வந்தது, முகம் வந்தது. நெத்தி, கண், மூக்கு, வாய்.

மாமன் சந்தோஷப்படவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"இம்புட்டு நாள் வராதது இன்னிக்கு எப்படிண்ணே சட்டுனு வருது? எதையோ எடுத்துட்டீகளே. எத எடுத்தீக?"

"கனத்த எடுத்தேன். ஜாதகத்த எடுக்கல. இந்தா, எண்ணுல இருக்கு."

"எண்ணு யாரு வேணும்னாலும் போடலாம்."

"அப்ப நீயே போட்டுப் பாரு" என்று எந்த எண் எந்தக் கிரகம் என்கிற வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை, நாலு பேருக்கு ஜாதகம் பார்த்தவன். முதலில் கடைசி ரெண்டு எண்ணைத்தான் பார்த்தான். "அஞ்சு, பதினொண்ணு. சிம்மத்துல ராகு, கும்பத்துல கேது. எதிரெதிருதான்" என்று தனக்குத்தானே சொன்னான். அப்புறம் ஏலக்காய்ச் சாக்கில் கரித்துண்டால் பன்னெண்டு கட்டம் போட்டான். போனைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக நிரப்பினான். நான் மடியில் கொண்டுபோன அசல் ஜாதகத்தை, மஞ்சள் மூலையோடு, பக்கத்தில் விரித்தேன். கட்டத்துக்குக் கட்டம் விரல் வைத்து ஒத்துப்பார்த்தான். ரெண்டு தரம். சாரலில் கரி கரைய ஆரம்பித்ததும் மூணாவது தரத்தை விட்டுவிட்டான்.

அப்புறம் மறுபடி போனை எடுத்து முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம்.

"மீசைதான் கொஞ்சம் கம்மி," என்றான். அதே பாறை மேலே நின்றபடி அக்காவுக்குப் போன் போட்டான். "அக்கா, வரச்சொல்லு அவுகள. ஆடிக்கு முன்னாடியே வரச்சொல்லு."

ஆவணியில் கல்யாணம். மண்டபத்தில் பொண்ணுடைய அப்பா ஒரு துண்டைக் கொண்டுவந்து, "போன்லயே ஜாதகத்தக் கொண்டுவந்த கெட்டிக்காரர்" என்று சொல்லி கம்ப்யூட்டர்க்காரர் தோளில் போர்த்தினார். பக்கத்தில் நான் நிற்கிறேன். அவர் என் பக்கம் ஒரு கை நீட்டி 'இவர் சொன்னது' என்று சொல்லியிருக்கலாம். தலையாட்டினார். அதே பழைய தலையாட்டல்.

அதுக்கப்புறம் தேனி வரைக்கும் பல மையங்களுக்கு இதே மாதிரி எண் வைத்துப் பக்கம் போட்டுக் கொடுத்திருக்கிறார். உத்தமபாளையத்தானுக்கும்! ஜாதகமே வேண்டாம் என்றவன் பக்கத்தில் இப்போது எண் நிற்கிறது. எல்லாவற்றிலும் அடியில் 'வடிவமைப்பு' என்று அவர் சென்டர் பேர் இங்கிலீஷில் இருக்கிறது. இதையெல்லாம் டீ குடித்த அன்றைக்கே பேசிவைத்தாகளா என்று எனக்கு இன்னும் தீரவில்லை.

போன மாசம் நேரில் போய்க் கேட்டேன். பக்கத்துக்கு அடியில் இன்னும் ஒரு வரி போடு, பத்து எண் முறை இன்னார் சொன்னது என்று என் பேரைப் போடு. யோசிக்கிறார். "அடியில ரொம்ப எழுதுனா பாக்க நல்லாருக்காதுய்யா" என்கிறார். "தமிழ்ல போட்டா பழைய போன்ல கட்டமாத்தான் தெரியும்" என்கிறார்.

ஒரு வரிக்கு எத்தனை கனம் என்று கேட்டேன். ஒரு கே.பி.கூட வராது என்று அவர் வாயாலேயே சொன்னார். கனமே இல்லாத ஒன்றை ஏற்றுவதற்கு எதுக்குய்யா இத்தனை யோசனை? கட்டமாகத் தெரிந்தால் கட்டமாகவே தெரியட்டும். என் பேரில் எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம் அங்கே நிற்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் எண்ணிப் பார்த்துவிடுவேன்.